பாலத்தில் கெட்டுப்போன பருப்புச்சாதம்

என் மனைவிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், எட்டு மாத மகளை அவளிடம் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். எங்கள் வீடு துவாரகாவில். மருத்துவமனை யமுனைக்கு அந்தப் பக்கம். ஜூன் மாத வெயிலில் குழந்தையோடு மெட்ரோ மாறி மாறிப் போகப் பயந்து டாக்சி பிடித்தேன்.

அம்மா இல்லாததில் குழந்தை புட்டிப்பாலைத் தொடவே இல்லை. வாயில் வைத்தாலே தலையைத் திருப்பிக்கொண்டாள். பருப்புச்சாதம் மட்டும் இறங்கியது. அதனால் அதைக் குழைய வேகவைத்து மசித்து, ஆவி பறக்கப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, பையில் வைத்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்கில் கொதித்த தண்ணீர்.

பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்திருப்பதாகச் சொன்னார்கள். நகராத வண்டியில் ஏசி அனலைத்தான் கக்கியது. ஓட்டுநர் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். மணிக்கணக்கில் அப்படியே நின்றோம். குழந்தை முதலில் சிணுங்கினாள், பிறகு வீறிட்டாள். என் சட்டைப் பொத்தானைக் கவ்வி உறிஞ்சப் பார்த்தாள்.

டப்பாவைத் திறந்தேன். மூடியில் வியர்வை போல நீர் கோத்திருந்தது. கரண்டியை விட்டு எடுத்தால் சாதம் நூல் விட்டது. நாக்கில் தொட்டுப் பார்த்தேன். லேசான புளிப்பு. லேசாகத்தான். அந்த 'லேசாக' என்பதைப் பிடித்துக்கொண்டு மனம் பேரம் பேசியது. இரண்டு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

போன மாதம் குழந்தை வயிற்றுப்போக்கில் படுத்தபோது, டிரிப்ஸ் ஏற்ற அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்குப் போன் செய்தேன். அழுகைச் சத்தம் அவளுக்கு முதலிலேயே கேட்டுவிட்டது.

"ஏங்க, ஏன் இப்படிக் கத்துறா?"

"சாதம் கெட்டுப்போச்சு போல. பாலத்துல மாட்டிக்கிட்டோம். ஒரு வாய் குடுக்கலாமா?"

"வேண்டாம்! கொட்டிடுங்க, இப்பவே கொட்டுங்க." அவள் குரல் உடைந்தது. "என்னால எந்திரிச்சு வரக்கூட முடியலயே..."

மூடியை அழுத்தி மூடினேன். குழந்தை டப்பாவை நோக்கிக் கையை நீட்டி நீட்டி அழுதாள். வெந்நீரில் கரண்டியைக் கழுவி, பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி ஆற்றி, கரண்டியால் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். ஏமாந்துபோய்த் துப்பினாள். பிறகு அழுகை குறைந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கண்கள் செருகின. கன்னத்தைத் தட்டினேன். பக்கத்து வண்டிகளைப் பார்த்து, "குழந்தைக்குக் கொடுக்க ஏதாவது இருக்கா?" என்று இந்தியில் கத்தினேன். ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைக் காட்டினார். இன்னொருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பிஸ்கட்டை வாங்குவதற்குள் வண்டிகள் நகர ஆரம்பித்தன. பாலம் இறங்கியதும் ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டி தெரிந்தது. "பையா, ரோக்கோ, ரோக்கோ!" என்று ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கி வண்டியை நிறுத்தச் சொன்னேன். நன்றாகக் கனிந்த பழமாக வாங்கி, பிளாஸ்க் தண்ணீரில் கையையும் கரண்டியையும் கழுவி, உள்சதையைச் சுரண்டிச் சுரண்டி ஊட்டினேன். அவள் விழுங்கிய ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு மூச்சு வந்தது. பாதிப் பழத்தில் தூங்கிவிட்டாள்.

வார்டுக்குள் குழந்தையை விடவில்லை. மனைவி சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து நடைபாதைக் கண்ணாடிக் கதவு வரை வந்தாள். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டோம்.

"வயிறு ரொம்ப வலிக்குதா?" என்றேன்.

"என்னை விடுங்க. அவ வயித்தைத் தொட்டுப் பாருங்க. உப்பியிருக்கா?"

தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பாமல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் சொன்னபடி அவலை வறுத்துப் பொடித்து, ஈரமில்லாத எவர்சில்வர் டப்பாவில் தனியாகக் கொண்டுபோனேன். மருத்துவமனை வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றிக் குழைத்து, ஆறவைத்து ஊட்டினேன். ஊட்டுவதற்கு முன் மூன்று முறை முகர்ந்து பார்த்தேன்.