ஆனி மாதத்தில் எடுத்த படம்

எங்கள் கிளிநொச்சிப் பக்கத்தில் அந்த யுத்த வருசங்களைப் பற்றிக் கதைக்கிறவர்கள் ஷெல்லடியில் போனவர்களைச் சொல்வார்கள், காணாமல் போனவர்களைச் சொல்வார்கள். நோய் வருத்தம் வந்து செத்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் அம்மாவும் அப்படிக் கணக்கில் வராமல் போனவர்தான். வயிற்றில் புற்றுநோய். கொழும்புக்குப் போகிற பாதையை இராணுவம் பூட்டின வருசம் அது.

அப்பா பாம்பு கடித்துப் போனபிறகு வட்டக்கச்சியில் எங்கள் வயலை அம்மாதான் செய்தார். வாய்க்காலில் தண்ணீர் மறிக்கிறவனோடு மண்வெட்டியும் கையுமாக நின்று சண்டை பிடிக்கிற ஆள். அந்த வாய் எனக்கும் அப்படியே வாய்த்தது. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தேன். முப்பத்திரண்டு வயது, செவ்வாய்க் குற்றம், கலியாணம் ஆகவில்லை. இந்த மூன்றையும் ஊர் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும்.

அந்த வருசம்தான் ஒருவழியாகச் சாதகம் பொருந்தி ஒரு சம்பந்தம் முற்றாகியது. மாப்பிள்ளைக்கு வவுனியாவில் தண்ணீர் பம்ப் திருத்துகிற கடை. நல்ல அமைதியான மனிதர், எனக்கு எதிர்மாறு. ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் கலியாணம் என்று நாளும் வைத்தாயிற்று.

அதற்குள் அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போனது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று கோப்பையைத் தள்ளிவிடுவார். கிளிநொச்சியில் குளிசை கொடுத்தார்கள், பிறகு கொழும்புக்குப் போகச் சொன்னார்கள். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, ஒரு துண்டு எடுத்துச் சோதித்து, புற்றுநோய் என்றார்கள். எனக்கு மறைக்கத் தெரியாது. ஆஸ்பத்திரி நடையில் கிடந்த வாங்கில் இருத்தி, அங்கேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியப்படாது" என்றார். அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கான் எடுக்கவேண்டும் என்றார் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர். பரவியிருந்தால் வெட்டிப் பிரயோசனமில்லை, பரவாவிட்டால் வெட்டலாம். அதற்காக ஆனி மாதத்தில் மறுபடியும் போனோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, மறுபடியும் அடுக்கி, பஸ் மாறி, அம்மா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு வந்தார். மருந்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அதுவும் அவருக்கு இறங்கவில்லை. ஆனால் குடித்தார். அம்மா அப்படித்தான், செய்யவேண்டியது என்றால் செய்துவிடுவார்.

டொக்டர் எங்கள் ஆள்தான், தமிழிலேயே விளங்கப்படுத்தினார். படத்தை வெளிச்சப் பெட்டியில் கொழுவிவிட்டு, பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"ஈரல் சுத்தமாக் கிடக்கு அம்மா. வயித்துக்குள்ள தண்ணியும் இல்லை. இண்டைக்கு வரைக்கும் பரவேல்லை."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

டொக்டர் பேனையை எடுக்கவில்லை. இரைப்பையின் வெளிக்கரையில் ஓர் இடத்தில் அதை வைத்துக்கொண்டிருந்தார். மற்ற இடமெல்லாம் கோடு போட்டமாதிரி இருக்க, அங்கே மட்டும் கரை கலங்கித் தெரிந்தது.

"இந்த இடத்தைப் பாருங்கோ. வருத்தம் சுவரைத் தாண்டி வெளியில வாற நேரம் இப்பிடித்தான் கரை மங்கும். இப்பிடி ஒரு படம் கண்டால், அடுத்தது வயித்துக்குள்ள முழுக்கப் பரவும் எண்டுதான் நாங்கள் எதிர்பார்க்கிறது. ஆடியில திகதி தாறன். பிந்தாமல் வாங்கோ."

டொக்டர் இரண்டு கதை சொன்னார். அம்மா முதலாவதை மட்டும் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வருகிற வழியெல்லாம், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சுது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அந்தக் கலங்கின கரை கண்ணைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்த அடுத்த நாளே சண்டை தொடங்கியது. கலியாணம் முடியட்டும், ஆவணிக்குப் பிறகு ஒப்பரேசன் செய்யலாம் என்றார் அம்மா.

"கலியாணத்தைத் தள்ளி வைப்பம். எனக்கு அவசரமில்லை" என்றேன்.

"உனக்கு அவசரமில்லை எண்டுதான் முப்பத்திரண்டு வயசு வரைக்கும் இருக்கிறாய். எடியே, ஒப்பரேசன் மேசையிலை நான் கண்ணை மூடினால் என்ன செய்வாய்? ஒரு வருசத்துக்கு இந்த வீட்டிலை நல்ல காரியம் நடக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒரு வருசம் உனக்காகப் பாத்துக்கொண்டு இருப்பினமே? வெண்ணெய் திரண்டு வரேக்கை தாழியை உடைக்கச் சொல்லுறாய்."

"வரம்பு கசிஞ்சால் நாளைக்குப் பாப்பம் எண்டு விடுவியளோ? இரவோடை இரவா மண் போடுற ஆள்தானே நீங்கள்."

"வரம்பு போனால் ஒரு போகம். இது உன்ரை வாழ்க்கை."

"சரி, அவையளிட்டைச் சொல்லிக் கேப்பம். காத்திருப்பினமோ இல்லையோ எண்டு தெரியும்தானே."

அம்மாவின் முகம் மாறியது. "கேட்டாலே போச்சுது. வருத்தக்காரக் குடும்பம் எண்டு சொல்லி விலகிப் போடுவினம். நீ வாய் திறந்தியெண்டால் நான் ஒப்பரேசனுக்கே வரமாட்டன், சொல்லிப் போட்டன்."

சொன்னால் செய்கிற மனுஷி என்று எனக்குத் தெரியும். வாயை மூடினேன். ஆனால் கோபம் மூடவில்லை. சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதும் அரிசி நிறுக்கும்போதும் அம்மாவோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆடியில் டொக்டர் தந்த திகதி வந்தது, போனது. அன்றைக்கு அம்மா முற்றத்தில் இருந்து பலகாரத்துக்கு உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் நடுவில் சுளகை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார். நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் புடைப்பார்.

ஆவணி பிறக்கச் சில நாள் இருக்கையில் மறுபடியும் யுத்தம் தொடங்கி, ஓமந்தையில் பாதையைப் பூட்டினார்கள். மாப்பிள்ளை ஓமந்தைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். டொக்டரும் அந்தப் பக்கம். முகூர்த்த நாள் அன்று அம்மா விடியவே குளித்து, விளக்கேற்றிவிட்டு, குசினிக்குள் அடுப்படியிலேயே இருந்தார். கலியாணமும் இல்லை, ஒப்பரேசனும் இல்லை. எனக்கு அவரைத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பிறகு பாதையைச் சில நாட்களில் மட்டும் திறந்து, கடும் நோயாளரை ஒரு துணையோடு வவுனியாவுக்கு விட்டார்கள். பெயர் பதிந்து, பாஸ் எடுத்து, எங்கள் முறை வர ஐப்பசியாகிவிட்டது. அதற்குள் அம்மாவின் கை கால் ஈர்க்கு மாதிரி மெலிந்து, வயிறு மட்டும் வீங்கியிருந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஒரு பக்கம் தட்டி மறுபக்கம் கை வைத்துப் பார்த்த டொக்டருக்கு, உள்ளே தண்ணீர் சேர்ந்திருப்பது உடனேயே விளங்கிவிட்டது. ஆனாலும் இன்னோர் ஊருக்கு அனுப்பிப் புதுப் படம் எடுப்பித்தார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"முதல் பாத்தவர் சொன்ன இடத்தாலதான் பரவி வந்திருக்கு. இனி வெட்டேலாது தங்கச்சி."

அம்மாவிடம் நான் சொன்னபோது அவர் அழவில்லை. "தை மாசம் வரைக்கும் தாங்குமோ எண்டு கேட்டனியே?" என்றார். தையில் நல்ல முகூர்த்தம் வரும். நான் கேட்கவில்லை. டொக்டரின் முகத்தைப் பார்த்தபிறகு கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அம்மா போர்வையை நெஞ்சுவரை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, "அல்சர் தான், கொஞ்சம் முத்திப் போச்சுது" என்றார். மாப்பிள்ளையின் தாயார் கட்டில் ஓரத்தில் இருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தையெல்லாம் பார்க்கவேண்டாம், கார்த்திகையிலேயே கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டுவோம் என்று அவர்தான் சொன்னார். அம்மாவின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பைக் கண்டேன்.

கார்த்திகை முகூர்த்தத்துக்கு முன்னமே அம்மா போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. வயலும் வாய்க்காலும் காணாமல், தெரியாத ஊர்ச் சுடலையில் எரித்தோம். நான் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைகிற நேரம் நான் மாப்பிள்ளையின் தாயாரிடம் போனேன். அவர்கள் விலகிப் போவதற்கு முதல் நானே சொல்லிவிடவேண்டும் என்று வீம்பு.

"மாமி, இனி ஒரு வருசத்துக்கு ஒண்டும் செய்யேலாது. உங்களைக் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் வேறை இடம் பாருங்கோ."

அவர் கழுவின கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன கதை பிள்ளை கதைக்கிறாய்? ஆண்டுத் திவசம் முடியட்டும், பிறகு செய்வம். ஒரு வருசம்தானே, எங்களுக்கென்ன அவசரம்? நீ ஆளே மெலிஞ்சு போனாய், முதல் நேரத்துக்குச் சாப்பிடு."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். அவருக்கு அது பெரிய விசயமே இல்லை. ஆனியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், இதே மாதிரி, கையைத் துடைத்துக்கொண்டு.

நான் கிணற்றடிக்குப் போய் இருந்து அழுதேன். எல்லோரும் அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று விட்டுவிட்டார்கள். மாமி கொஞ்சம் பொல்லாதவராக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்துத்தான் அழுதேன். அப்படி இருந்திருந்தால் அம்மா செய்தது சரியாகியிருக்கும்.