காத்துக்கு வச்ச தகரம்

ரெண்டாயிரம் பொறந்த புதுசு. தண்டையார்பேட்டையில ஒரு மொதலாளிகிட்ட டிரெய்லர் ஓட்டிகினு இருந்தேன். ஹார்பர்ல கன்டெய்னர் பொட்டி ஏத்தி, பெங்களூர்ல எறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பணும். ஒரு நாள் அவரு, "டீசல் ரொம்ப குடிக்குதே நைனா, வழியில எங்கனா வித்துட்டு வரியா?"ன்னாரு. சிரிச்சிகினேதான் கேட்டாரு. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. டீசல் திருடன்னு பேரு வந்துட்டா எங்க ஏரியா டோல்கேட் பக்கம் எவனும் நம்மள நம்பி சாவி குடுக்க மாட்டான்.

அப்பறம் காலு ஒரு எடத்துல நிக்கல. எண்ணூர் ரோட்டுல ஹார்பர் கியூவுல நின்னப்ப வண்டியையே சுத்திச் சுத்தி வந்தேன். கேபின் குள்ளம். பின்னால பொட்டி ஒரு கை ஒசரம் தூக்கிகினு கீது. மொத்த காத்தும் அது மூஞ்சியில அடிச்சா, வண்டி டீசல் குடிக்காம இன்னா பண்ணும்?

டிங்கர் கடை வச்சிருந்த மச்சான்கிட்ட சொல்லி, கேபின் மேல சாய்வா ஒரு தகரம் வச்சேன். "இன்னா மாமு, வண்டிக்குத் தொப்பியா?"ன்னு ஓட்டினான். பூசணிக்கா ஒடைச்சி, தகரத்துக்கும் பொட்டு வச்சி கெளம்பினேன். போறப்ப வண்டி லேசா ஓடுச்சி. திரும்பி வந்து டேங்க் ரொப்பினா, குடிச்சது அதே டீசல்தான். பேஜாரா பூடுச்சி.

அடுத்த ட்ரிப்பு திரும்பறப்பதான் வெளங்கிச்சி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டினதும் எதிர்ல கடல் காத்து. பின்னால பொட்டியே இல்ல, தகரம் மட்டும் மொறம் மாதிரி நின்னு காத்தை வாங்குது. போறப்ப மிச்சம் பண்ணதை வர்றப்ப தின்னுடுது. எம்மாம் பெரிய முட்டாள் நானுன்னு தலையில அடிச்சிகினேன். நேரா மச்சானாண்ட போயி, தகரத்துக்குக் கீல் போட்டேன். பொட்டி இருந்தா நிமித்துவேன், இல்லாட்டி படுக்க வச்சிடுவேன்.

மூணு ட்ரிப்பு ஓட்டினேன். டீசல் நல்லாவே கொறைஞ்சிது. மொதலாளி ஆபீஸ் படியை ரெண்டு ரெண்டா தாவி ஏறினேன். டீசல் நோட்டைப் பாத்தாரு. தகரம், காத்து, கீலுன்னு நான் மூச்சு வாங்க சொன்னது எதுவும் அவரு காதுல ஏறல. எழுந்து வந்து தோள்ல தட்டினாரு.

"பரவால்ல நைனா. ஒரு வார்த்தைதான் கேட்டேன், உடனே நிறுத்திட்டியே."

திருடன்னு நெனச்சப்ப கூட இவ்ளோ வலிக்கல. இப்ப திருந்திட்டேன்னு நெனச்சிட்டாரு. சாவியை மேஜை மேல வச்சிட்டு கீழ எறங்கினேன். தகரத்தைக் கழட்டி, தலை மேல வச்சிகினு நடந்தேன்.