தீயணைப்பு நிலையத்தில் தூணை வெட்டிய கதை

மரத்தில் தீயணைப்பு நிலையம் கட்டப்போகிறோம் என்றபோது சிரிக்காதவர்கள் இல்லை. தாம்பரத்தை ஒட்டிய இடம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் தொழிற்கூடத்தில், தோப்பில் வளர்த்த மரத்தைப் பலகைகளாக அறுத்து, பசை போட்டு அழுத்தித் தடித்த தூண்கள் செய்தோம். காட்டு மரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சிமென்டும் கம்பியும் நிறைய மிச்சம். அந்தத் தூண்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர் நான்.

ஒப்படைக்கும் முன் நிலைய அலுவலர் ஒரு நிபந்தனை போட்டார். அவர் கண்ணெதிரே மரத்தை எரித்துக் காட்ட வேண்டும். மிஞ்சியிருந்த தூண் துண்டு ஒன்றை முன்வாசலில் நிறுத்திக் கொளுத்தினோம். அணைத்த பிறகு ரம்பத்தால் அறுத்துக் காட்டினேன். வெளியே கரி, அந்தக் கரியே தீயை உள்ளே விடாமல் தடுத்திருந்தது. நடுமரம் புதுசாக இருந்தது. அவர் தொட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் எம்.டி. முகத்தில் அன்றுதான் பல் தெரிந்தது. இந்தக் கட்டிடம் நல்லபடியாக முடிந்தால்தான் கம்பெனிக்கு அடுத்த ஆர்டர்; இல்லையென்றால் தொழிற்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

டீ வந்தது. பழைய கொட்டகையை இடித்துவிட்டதால் தீயணைப்பு வண்டி சில மாதங்களுக்கு முன்பே புதுக் கட்டிடத்துக்குள் வந்திருந்தது. வீரர் ஏழுமலை அதில் படிந்த கரியைக் கழுவ ஹோஸைத் திறந்தார். தண்ணீர் தரையெல்லாம் ஓடி, தூண்களின் அடியில் போய்த் தேங்கியது. எனக்கு டீ இறங்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான் கழுவுவீங்களா?"

"தெனம் காலையில கழுவிடுவோம் மேடம். டேங்க் நெறைய கீது, தண்ணிக்கு இன்னா பஞ்சம்?" என்றார் பெருமையாக.

ஈரம் பார்க்கும் மீட்டரைத் தூணின் அடியில் குத்தினேன். முள் எகிறியது. முழங்கால் உயரத்தில் குத்தினால் மரம் நன்றாகக் காய்ந்திருந்தது. நெருப்புக்குப் பயந்து பயந்து எல்லாருமே தண்ணீரை மறந்திருந்தோம். வரைபடத்தில் தூண் நேராகத் தரையில் வந்து நின்றது, பார்க்க அம்சமாக. தினமும் நனைந்தால் அடி மக்கிப்போகும், கரையான் வரும். அந்தத் தூண்கள்மேல்தான் ஆட்கள் படுக்கும் மாடி.

எம்.டி.யிடம் சொன்னேன். பெயின்ட் அடித்துவிடலாம் என்றார். பிறகு, தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று போர்டு மாட்டலாம் என்றார். தீயணைப்பு நிலையத்தில் அப்படியொரு போர்டு! சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"தூணைக் கீழ வெட்டி, கான்கிரீட் பீடம் குடுக்கணும் சார். இல்லன்னா நான் சைன் பண்ண மாட்டேன்."

"ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போகும்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வீட்டுக்குப் போகும் ரயிலில், வேறு வேலைக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். ஆனால் மீட்டர் காட்டியதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் எம்.டி. வந்து, ஒரே ஒரு தூணை வெட்டிக் காட்டு என்றார். ஜாக்கி கொடுத்து மாடியைத் தாங்க வைத்து, முழங்கால் உயரத்தில் அறுத்தோம். விழுந்த துண்டைப் புரட்டிப் போட்டேன். அடிப்பக்கம் கறுத்து ஊறியிருந்தது. அவர் குனிந்து நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று.

"எல்லாத்தையும் வெட்டு" என்றார். தாமதம் ஏன் என்று அலுவலரிடம் அவரே போய் விளக்கினார். பீடத்துக்கும் மரத்துக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டு, இரும்புத் தாங்கி வைத்துத் தூண்களை நிறுத்தினோம். ஏழுமலை இன்றும் தினம் காலையில் கழுவுகிறார். மரம் நனைவதில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டிடத்தில் இருக்கப்போகிறவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் எழுந்ததும் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

ஆர்டர் கொஞ்சம் தாமதமாக வந்தது; அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். முதல் மீட்டிங்கில் ஆர்க்கிடெக்ட் வரைபடத்தை விரிப்பதற்குள் எம்.டி. கேட்டார்:

"அதெல்லாம் அப்புறம். இங்க தரைய யார் கழுவறாங்க, எப்படிக் கழுவறாங்க?"

அன்றைக்கு என் டீயை நான் சூடு ஆறும் முன்னே குடித்து முடித்தேன்.