சாவியக்கா பார்க்காத பெட்டி

கடலோரக் குடியிருப்பின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடலாம் என்று சங்கத்தில் முடிவானபோது எல்லோரும் கைதட்டினார்கள். அதை எழுதப்போகும் பேராசிரியர் சாவியக்காவின் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்த அன்றுதான் பலருக்குத் தூக்கம் போனது.

சாவியக்கா அந்தக் குடியிருப்பின் பூட்டுக்காரி. பெரிய வாசலை ஒட்டி, காவலர் அறைக்குப் பக்கத்தில் அவளுடைய கடை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு சாவி வெட்டும் இயந்திரம், ஒரு முக்காலி, சுவர் முழுக்க ஆணிகளில் தொங்கும் வெட்டாத சாவிகள். அவளைவிடப் பத்து வயது மூத்த கோடீஸ்வரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முப்பது வருடங்களுக்கு முன்பு அவள் சங்கக் கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பாய்மரப் படகுப் போட்டியின் பரிசளிப்பு நாள். கோப்பையை வென்றவருக்கு இரண்டு சரக்குக் கப்பல்கள் சொந்தம், அதனால் ஊர் அவரைக் கப்பல்காரர் என்றே அழைத்தது. அவர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. மேடையில் மூன்றாவது முறையாக அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தச்சர் அன்று விடுமுறை. அவள் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். சாப்பாட்டு அறையிலிருந்து வெண்ணெய்க் கத்தி ஒன்றை எடுத்து வந்தாள். இரண்டே நிமிடத்தில் கதவு திறந்தது. உள்ளே கப்பல்காரர் ஒரு துண்டோடு நின்றார். அதுவும் சின்னத் துண்டு.

அவள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "நான் பாக்கல சார். ஓடுங்க!"

அவர் ஓடினார். மறுநாள் முதல் அந்தக் குடியிருப்பில் எந்தக் கதவு மக்கர் செய்தாலும் அவளைத்தான் தேடினார்கள். பழைய இரும்புக் கடையில் உடைந்த பூட்டுகளை வாங்கி வந்து, சமையலறைத் தரையில் பிரித்துப் போட்டு அவளாகவே தொழிலைக் கற்றுக்கொண்டாள். கணவர் குடியிருப்பின் தோட்டக்காரர். "நேத்து என் தட்டுல ஒரு ஸ்பிரிங் கிடந்துச்சு. அதுவும் கூட்டுல சேத்தியா?" என்று கேட்டுவிட்டு, அதைத் துடைத்து அவளிடமே கொடுப்பார்.

துண்டு நாளில் வந்த பழக்கம் அவளை விடவில்லை. அலமாரியோ பெட்டியோ கதவோ, 'டக்' என்று சத்தம் கேட்டதும் திரும்பி நின்றுவிடுவாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் இதை அவள் கணவரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. திறந்தவள் பார்க்காமலா இருந்திருப்பாள் என்பது ஊரின் கணக்கு.

பேராசிரியரும் அந்த நம்பிக்கையில்தான் வந்தார். "உங்களுக்குத் தெரியாத ரகசியம் இந்த ஊர்ல உண்டா? மனசு விட்டுச் சொல்லுங்க."

"நிறைய இருக்கு சார். உப்புக் காத்துல எந்தப் பூட்டு எத்தனை மாசம் தாங்கும்னு வேணா கேளுங்க."

அவர் நல்ல மனிதர். அதையும் கேட்டார், எழுதிக்கொண்டார். பித்தளையைப் பற்றி மட்டும் நாலு பக்கம். நடுவே தோட்டக்காரர் தட்டில் கிடந்த ஸ்பிரிங் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தம் பெரிய வாசலைத் தாண்டிக் கேட்டதுதான் வினையாயிற்று.

அன்று சாயங்காலமே கப்பல்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, மென்று விழுங்கினார்.

"அக்கா, அந்தப் படகு விஷயம்... நீங்க பேராசிரியர்கிட்ட சொன்னத நான் தப்புன்னு சொல்லல. ஆனா மோட்டார் ரொம்பச் சின்னதுதான். காத்து விழுந்தப்ப மட்டும்தான் போட்டேன்."

"எந்த மோட்டார்?"

"படகுக் கொட்டகைல பெட்டியத் திறந்து குடுத்தீங்களே, அதுக்குள்ள பாத்திருப்பீங்களே."

"சார், சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது."

அவர் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குப் பெரிய மனசுக்கா" என்று சொல்லி, இனிப்பை வைத்துவிட்டுப் போனார். பாய்மரத்தில் வந்த கோப்பை என்று ஊரே கொண்டாடியது, மோட்டாரில் வந்திருக்கிறது!

மறுநாள் வங்கி அதிகாரியின் மனைவி வந்தார். மலர்க் கண்காட்சியில் ஆறு வருடம் பரிசு வாங்கிய ரோஜாக்கள் அவர் செடியில் பூத்தவை அல்லவாம். சந்தையில் வாங்கி, கம்பியால் செடியில் கட்டியவையாம். இதைக் கேட்டு உள்ளம் குளிர்ந்தவர் தோட்டக்காரர்தான். "அந்த மண்ணுல அவ்வளவு பெரிய பூ வராதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா?" என்று இரண்டு நாள் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். குடியிருப்பை நிறுவியவரின் மகன் வந்து, தன் அப்பா மனை விற்ற காலத்தில் உப்புக் கிணற்றில் லாரித் தண்ணீரை ஊற்றி, வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்த கதையைச் சொன்னார். சாவியக்காவுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு, உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் ருசித்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சங்கத் தலைவி வந்தார். யார் வீட்டுக்கும் நடந்து போகாதவர், வியர்க்க விறுவிறுக்க நடந்தே வந்தார்.

"நெக்லஸ் விஷயத்தப் புத்தகத்துல போட வேண்டாம்னு பேராசிரியர்கிட்ட சொல்லுங்க. நான் அப்பவே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

சாவியக்காவின் கையிலிருந்த அரம் நின்றது.

பதினோரு வருடங்களுக்கு முன்பு தலைவியின் வைர நெக்லஸ் காணாமல் போனது. வேலைக்காரர் குடியிருப்பில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். தலைவி வீட்டில் வேலை பார்த்தது தோட்டக்காரரின் தங்கை, சாவியக்காவின் நாத்தனார். நெக்லஸ் அவளிடம் அகப்படவில்லை. ஆனாலும் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அத்தோடு, வேலைக்காரர் குடியிருப்பிலிருந்து கடலுக்குப் போகும் சின்னப் பாதைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினார்கள். அந்தப் பூட்டை மாட்டியவள் சாவியக்காதான். வேறு வழியில்லாமல் மாட்டினாள். அதன்பின் அவர்கள் கடலைப் பார்க்க நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

"அடுத்த மாசமே கிடைச்சிருச்சு" என்றார் தலைவி. "பழைய பயணப் பெட்டி. சாவி தொலஞ்சு, நீங்கதானே வந்து திறந்தீங்க? மேலயே இருந்துச்சே. நீங்க பாத்தீங்க. பாத்தும் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லல."

"நான் பாக்கல மேடம்." என்றாள் சாவியக்கா. "பாத்திருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்."

அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் சொல்வது உண்மை என்று தலைவிக்கு விளங்கிவிட்டது. தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்டதும் விளங்கியது. வெளியே தோட்டக்காரரின் புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இப்ப என்ன செய்யணும்?" என்று தலைவி கேட்டார். மிரட்டலை எதிர்பார்த்தவர் போலத்தான் கேட்டார்.

சாவியக்கா அரத்தைக் கீழே வைத்தாள். "என்கிட்ட கேக்காதீங்க. என் நாத்தனார் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். வாங்க, நானும் வரேன்."

நாத்தனார் இப்போது சொந்தமாகத் துணி தைத்துக்கொடுக்கிறாள். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பாதி கேட்டாள். பிறகு நிறுத்திவிட்டு மீதியைக் கேட்டாள். தலைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். எதையும் பூசி மெழுகவில்லை.

"மேடம், என்னைத் திருடின்னு சொன்னது ஊர் முழுக்க" என்றாள் நாத்தனார். "இல்லைன்னு சொல்றது மட்டும் என் வீட்டுக்குள்ளயா?"

தலைவி தலையாட்டினார். "ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். சொல்றேன்."

"சொன்னா பாக்கலாம். இப்ப உக்காருங்க. அண்ணி, அந்தத் துணியக் கொஞ்சம் எடுங்க, நாற்காலி காலியாகட்டும்."

ஞாயிறு காலை சங்க மண்டபத்தில் உட்கார இடமில்லை. தலைவி மேடையேறி, நாத்தனாரின் பெயரைச் சொல்லி, அவள் குற்றமற்றவள், தவறு தன்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றார். பாதைக் கதவைத் திறக்கத் தீர்மானமும் அவரே கொண்டுவந்தார். பிறகு கப்பல்காரர் எழுந்தார். அவர் எதிர்க்கப்போகிறார் என்று நினைத்தார்கள். அவரோ, "நானும் ஒண்ணு சொல்லணும், அந்தக் கோப்பையில..." என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்து ரோஜாக்காரம்மா. மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பேராசிரியர் முன் வரிசையில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டுகளை யாரும் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிய கைகளே போதுமானதாக இருந்தன.

கூட்டம் அப்படியே பாதைக் கதவுக்கு நகர்ந்தது. சாவியக்கா பழைய சாவியைப் போட்டாள். அது திரும்பவில்லை. எண்ணெய் விட்டாள், தட்டினாள், கொண்டை ஊசியை நுழைத்துப் பார்த்தாள். பதினோரு வருட உப்புத் துரு அசையவில்லை.

"அக்காவாலயே முடியலயா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"முடியும். கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, ரம்பத்தை எடுத்தாள். தோட்டக்காரர் பூட்டைப் பிடித்துக்கொள்ள, இருபது நிமிடம் அறுத்தாள். கை வலித்தபோது கப்பல்காரர் வாங்கி அறுத்தார். அவருக்குப் பின் தலைவியும் கொஞ்சம் அறுத்துப் பார்த்தார், சரியாக வரவில்லை. கடைசியில் பூட்டு இரண்டாகப் பிளந்து மணலில் விழுந்தது.

முதலில் போனது நாத்தனார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தாள். தண்ணீர் காலில் பட்டதும்தான் நின்று திரும்பினாள்.

"அண்ணா, அண்ணி, அங்க என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க? தண்ணி ஜில்லுன்னு இருக்கு, வாங்க!"

சாவியக்கா ரம்பத்தைத் தலைவியின் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் பிடிங்க மேடம், வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடலைப் பார்க்க நடந்தாள்.