மரம் விழும் பக்கம் போட்ட நாற்காலி

மரம் அறுக்கிற மிஷின் என் பேரில்தான் இருக்கிறது. ஆசைப்பட்டு நான் வாங்கவில்லை. பொம்பளை பேரில் வாங்கினால் மானியம் கொஞ்சம் கூடக் கிடைக்கும் என்பதால், எங்கள் பக்கத்தில் மருந்தடிக்கிற பம்பிலிருந்து உழுகிற வண்டி வரை எல்லாமே பெண்டாட்டி பேரில்தான் வரும். போட்டோவுக்கு அவள் நிற்பாள், கையெழுத்து அவள் போடுவாள், அதோடு அவள் சோலி முடிந்தது. பிறகு அவள் சாமானைத் தொட்டால், "ஏட்டி, அதை ஏன் எடுக்க, ரிப்பேராயிரும்" என்று சத்தம் வரும். இந்த முறை மட்டும் கொடுத்தவர்கள் ஒரு கொக்கி வைத்துவிட்டார்கள். மிஷின் யார் பேரிலோ அவர்தான் ஒரு நாள் பயிற்சிக்கு வந்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். "போயி சும்மா உக்காந்துட்டு வா. மத்தியானம் பிரியாணி போடுவாவ. அறுக்கப் போறது நான்தானே, எல்லாத்தையும் போன்ல பாத்து வச்சிருக்கேன்."

அந்தப் பேச்சை நம்பி என்னால் இருக்க முடியவில்லை. ஈரக் கையோடு மெயின் சுவிட்சைப் பிரித்த மனுஷன் அவர். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கையை விட்டு என்ன சத்தம் என்று பார்த்தவர். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பதைத் தவிர வேறு எந்த முன்னேற்பாடும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால், மாட்டுத் தொழுவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நின்ற வாகை மரம் பாதி பட்டுப்போய், ஐப்பசி மழையில் ஒரு கொப்பை ஒடித்துத் தொழுவின் ஓட்டின் மேல் போட்டிருந்தது. மரத்தை வெட்டியாக வேண்டும், சரி. ஆனால் இவர் கையில் இந்த மிஷினைக் கொடுத்தால், வாகையோடு சேர்த்து இவரையும் தூக்க நாலு பேர் வர வேண்டியிருக்கும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயிற்சி, சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் நடந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் போலப் பேர் கொடுத்த பொம்பளைகள். புருஷன்மார் சுற்றுச்சுவருக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். "அக்கா சொல்லட்டுங்க, அண்ணா கொஞ்சம் இருங்க" என்று அவர் கும்பிட்டுப் பார்த்தார். எவன் கேட்டான்?

சேலையோடு இந்த வேலை ஆகாது என்று எங்களுக்குக் கனத்த பேண்ட்டும் சட்டையும் பூட்ஸும் தலைக்கவசமும் கொடுத்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்து முடிக்கவே நேரம் ஆனது. பிறகு அவர் வெட்டைக் காட்டினார். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு. அந்தத் துண்டை எடுத்துவிட்டுப் பின்பக்கத்திலிருந்து அறுத்து வர வேண்டும். முழுசாக அறுத்துவிடக் கூடாது. நடுவில் ஒரு பட்டை மரத்தை விட்டு வைத்தால் அது கதவுக் கீல் மாதிரி மடங்கி, சொன்ன பக்கம் மரத்தைச் சாய்க்கும். மிஷினின் நுனி மரத்தில் படக் கூடாது, பட்டால் முகத்துக்குத் துள்ளி வரும். மிஷினைப் பிடித்த இரண்டு கையில் ஒன்றைக்கூட எடுக்கவே கூடாது. மரம் முனகத் தொடங்கியதும், முன்கூட்டியே துப்புரவாக்கி வைத்த வழியில் பின்பக்கமாக விலகிவிட வேண்டும்.

"அப்பறம் முக்கியமானதுங்க. மரம் எவ்வளவு உசரமோ அதுல ரெண்டு பங்கு தூரத்துக்கு ஒரு ஆளும் நிக்கக் கூடாதுங்க" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அப்ப கயிறு யாருவே பிடிப்பா?" என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரில் மரம் வெட்டு என்றால் தெருவே வந்து கயிறு பிடிக்கும். மரத்துக்கு நேர் கீழே நின்று, "ஐலசா" போட்டு இழுத்து, மரம் வரும்போது ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். ஓடாமல் கடைசி வரை நின்றவன் வீரன். இத்தனை வருஷம் இத்தனை பேர் உயிரோடு இருப்பதே சாமி புண்ணியம்தான்.

மறுநாள் காலையில் நான் பால் கறந்துவிட்டு வருவதற்குள் இவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்புக்குப் போய்விட்டார். அங்கே வளர்ந்து கிடந்த உடைமரத்தில் பழகிப் பார்க்கிறாராம். சட்டை கிடையாது. காலில் ரப்பர் செருப்பு. இடுப்பில் சாரம், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தது.

"பேண்ட்டப் போட்டுக்கிட்டு அறுங்க" என்றேன்.

"வயக்காட்டு வேலைக்கு எவனாவது பேண்ட் போடுவானா? பேங்க்குக்கா போறேன்?"

சொல்லிவிட்டு மிஷினை இழுத்துக் கிளப்பினார். நான் கத்தியது அந்த இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. ஓரிரண்டு கொப்பு அறுத்திருப்பார், சாரத்தின் மடிப்பு நழுவியது. எங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு மடிப்பு நழுவினால் கை தானாக அங்கே போகும். பேசிக்கொண்டிருந்தாலும் போகும், சைக்கிள் ஓட்டினாலும் போகும். இவருக்கும் போனது. ஒரு கையில் ஓடுகிற மிஷின், மறு கையில் சாரத்தின் நுனி. மிஷினில் சுற்றுகிற சங்கிலி துணியைக் கவ்வியது தெரிந்தது. சர்ரென்று முழுச் சாரத்தையும் உருவிச் சுருட்டிக்கொண்டு மிஷின் அடைத்து நின்றுவிட்டது.

நான் ஓடிப் போய் முதலில் காலைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. முட்டிக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். கோடு போட்ட டவுசரோடு வரப்பில் நின்றுகொண்டு அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "புதுச் சாரம்லா, சவம் இப்படிப் போயிட்டே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே மிஷினைத் துடைத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். "இது என் பேர்ல இருக்கு. இனி நான்தான் அறுப்பேன். நீங்க கயித்தப் பிடிங்க, அதுவும் நான் சொல்லுத இடத்துல நின்னு" என்றேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டார். தூக்கட்டும், கையும் காலும் முழுசாக இருந்து தூக்கினால் சரி.

நான் உடைமரங்களில் பழகினேன். நன்றாக வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று நான் காட்டிய பக்கத்துக்கு நேர் எதிராக விழுந்தது. இன்னொன்று பின்னால் சாய்ந்து மிஷினைக் கவ்விக்கொண்டது. அதைப் பார்த்து அவருக்கு அன்றைக்கு இரண்டு இட்லி கூட இறங்கியது. ஆனாலும் தை பிறப்பதற்குள், விழுந்த மரத்தின் கட்டையில் கீல் விட்ட இடம் ஒரே சீராக நிற்கும் அளவுக்குக் கை படிந்துவிட்டது.

வாகையை மேற்கே சாய்க்கலாம் என்று வைத்தேன். அந்தப் பக்கம் வாழைத்தார் வெட்டி முடிந்து வெறும் நிலமாகக் கிடந்தது. மரத்தில் கட்டிய கயிற்றைத் தூரத்தில் நின்ற தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் வெகுதூரம் தள்ளி நின்று பிடிக்கும்படி இவரை நிறுத்தியாயிற்று. எல்லாம் சரி. ஆனால் பொம்பளை பேண்ட் போட்டு மரம் அறுக்கிறாள் என்று சேதி பரவி, காலையிலேயே ஊர் திரண்டுவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்றால் ஒரு எட்டு தள்ளுவார்கள், நான் திரும்பினால் இரண்டு எட்டு வருவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன்.

அப்போதுதான் களக்காட்டிலிருந்து எங்கள் சம்பந்தி வந்து இறங்கினார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம், அவள் அப்போது மாசமாக இருந்தாள். நல்ல மனுஷன்தான். மரியாதையில் மட்டும் ஒரு நூல் குறையக் கூடாது. கல்யாணத்தில் காப்பி முதலில் எங்கள் ஆட்களுக்குப் போய்விட்டது என்று தாலி கட்டி முடியும் வரை முகம் கொடுக்காதவர். அவர் தலையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். எங்கே போட்டார்? நிழலில் போட்டார். காலை வெயிலுக்கு வாகையின் நிழல் மேற்கே விழும். நான் மரத்தைச் சாய்க்கப் போகிற அதே மேற்கே, நட்ட நடுவில், சம்பந்தி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் இவரைத் தனியே கூப்பிட்டேன். "அவியள எந்திரிக்கச் சொல்லுங்க."

"உக்காந்த சம்பந்திய எந்திரிங்கன்னு எப்படிச் சொல்ல? உனக்குக் கூறு இருக்கா?"

சரி என்று நானே போனேன். "அண்ணாச்சி, உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்றேன். "இருக்கட்டும் தங்கச்சி, இங்கன கொண்டாரச் சொல்லு. நல்லா காத்து வருது" என்றார். "மரம் இந்தப் பக்கம்தான் விழும் அண்ணாச்சி" என்றேன். "விழட்டும், நான் பாக்காத மரமா? வாரப்போ பைய எந்திரிச்சிக்கிடுதேன்" என்றார். மரம் பஸ்ஸா, நிறுத்தத்தில் நின்று வர?

மிஷினைக் கீழே வைத்துவிட்டேன். ஊர் முணுமுணுத்தது. கடைசியில் மகளுக்குப் போன் போட்டு, "உங்க மாமாவக் கூப்பிட்டு எதையாவது பேசு. தோட்டத்துல சிக்னல் சரியில்ல, தெரு வாசலுக்குப் போங்கன்னு சொல்லு. நான் சொல்லுத வரைக்கும் விடாத" என்றேன். மருமகள் குரல் கேட்டதும் மனுஷன் எழுந்துவிட்டார். எழுந்தவர், இடம் போய்விடக் கூடாதே என்று பஸ்ஸில் போடுகிற மாதிரி தோளில் கிடந்த துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். துண்டுதானே, போனால் போகட்டும் என்று நான் மிஷினைக் கிளப்பினேன். இவரும் தென்னைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

முன்வெட்டு சுத்தமாக வந்தது. பின்னால் போய் அறுக்கத் தொடங்கினேன். மேலே கொப்புகள் நடுங்கின, மரம் முனகியது. மிஷினை அணைத்துவிட்டுப் பின்னால் விலகினேன். விலகி நிமிர்ந்து பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓடுகிறார். மரத்தை விட்டு அல்ல, மரத்தைப் பார்த்து. சம்பந்தி துண்டின் மேல் மரம் விழலாமா? அதை எடுக்கத்தான் ஓடுகிறார்.

"ஏலே! சாவப் போறியாலே! நில்லுலே!"

அது என் தொண்டையிலிருந்துதான் வந்தது. தாலி கட்டின நாளிலிருந்து 'என்னங்க' என்பதைத் தவிர வேறு சொல் சொல்லிக் கூப்பிடாத வாய். அவர் அப்படியே நின்றார். பயந்து நிற்கவில்லை. தன்னை 'லே' என்றது யார் என்று பார்க்கத்தான் நின்று திரும்பினார். வாகை அவருக்கு முன்னால் நிலம் அதிர விழுந்தது. ஒரு பட்ட கொப்பு அவர் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. நாற்காலி இருந்த இடத்தில் நாற்காலி இல்லை.

ஊர் வேலியைத் தாண்டி ஓடி வந்தது. பிறகு பேச்சு கிளம்பியது. மரம் வைத்த குறிக்கு நேரே விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த மனுஷன் மயிரிழையில் பிழைத்ததைப் பற்றியும் கிடையாது. "கேட்டியளா, புருசனப் போயி 'லே'ங்கா!" என்பதுதான் பேச்சு. சம்பந்தி போனைக் காதில் வைத்தபடியே திரும்பி வந்து, "என் துண்டு எங்க?" என்று கேட்டார். யாரோ நடந்ததைச் சொல்லவும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே களக்காட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். அட கடவுளே, எந்த ஊரில் என்னைக் கொண்டு வந்து போட்டாய் என்று இருந்தது.

மத்தியானம் சோறு போட்டேன். அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஊரே நிக்கும்போது, சம்பந்தி வந்திருக்கும்போது, என்ன 'லே'ன்னுட்டியே" என்றார்.

பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

"ஆமா, சொன்னேன். 'என்னங்க, கொஞ்சம் இங்கன வாங்களேன்'னு நான் சொல்லி முடிக்கதுக்குள்ள நீங்க அந்த நாற்காலியோட நாற்காலியாப் போயிருப்பிய. பெறவு யார நான் நீங்க வாங்கன்னு கூப்பிட? சுவத்துல மாட்டுன போட்டோவயா? கோவமா இருக்கா? நல்லா கோவப்படுங்க. கோவப்பட ஆள் இருக்குல்லா, எனக்கு அது போதும்."

அவர் தட்டைக் கிட்டே இழுத்தார். சோற்றில் குழி பறித்து, ரசத்துக்காகத் தட்டை என் பக்கம் நீட்டினார். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஊற்றிய ரசம் பாதிக்கு மேல் தரையில் சிந்தியது. இதையும் நான்தானே துடைக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே, துடைக்கிற துணியாலேயே என் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.