உட்துறைமுக வீதியில் ஒரு சும்மா

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வவுனியாவில் இருந்து நானும் மனைவி வசந்தியும் காரில் புறப்பட்டோம். ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, எங்கள் கார் மீற்றரின்படி தொண்ணூற்றேழு கிலோமீற்றர். வழியில் தேநீருக்கு ஒரு முறை நின்றோம். நான்கரைக்கு உட்துறைமுக வீதியில் இருந்த விடுதிக்கு வந்துவிட்டோம். அறைக்கு ஒரு நாள் வாடகை 4,500 ரூபா, காலைச் சாப்பாடு தனி. சுடுதண்ணீர் வாடகைக்குள் அடங்குமா என்று கேட்டேன். அடங்கும் என்றார் விடுதிக்காரர் சலீம் நானா. கிண்ணியாவில் பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர், பகலில் பாதி நேரம் வாசல் கதிரையில் இருப்பவர்.

நாங்கள் வந்தது ஒரு கையெழுத்துக்காக. வசந்தியின் தங்கை மகள் துளசிக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சாம்பல்தீவில், வீட்டிலேயே பதிவுத் திருமணம். அவளுக்குத் தகப்பன் இல்லை. பெண் பக்கத்துச் சாட்சியாகப் பெரியப்பாதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள். பதிவாளர் பன்னிரண்டு மணிக்கு நிலாவெளியில் இன்னொரு பதிவுக்குப் போகவேண்டியவர். தங்கையின் வீடு ஆட்களால் நிறைந்திருந்ததால் நாங்கள் நகரில் தங்கினோம். விடுதியில் இருந்து அங்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர்.

சனிக்கிழமை காலை. இடியப்பமும் சொதியும் சம்பலும், ஆளுக்கு 450 ரூபா. மூதூருக்கு ஆட்களை ஏற்றும் லோஞ்ச் படகு துறையில் இருந்து புறப்படுவதை மதிலுக்கு மேலால் பார்த்தபடி சாப்பிட்டோம். கோட்டைப் பக்கத்தில் இருந்து வந்திருந்த மான் ஒன்று வீதியோரம் நின்று, யாரோ கட்டி வைத்த குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர் எவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் காரில் ஏறித் திறப்பைத் திருகினேன். கார் ஒரு முறை இருமியது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. நான்கு வருடப் பற்றரி, அதற்கும் ஓய்வு வேண்டியதுதான். ஆனால் இன்றைக்கா?

எதிர்ப்புற மின்கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘உங்கள் இடத்திற்கே வந்து பற்றரி மாற்றித் தரப்படும்.’ தொலைபேசி எண் பெரிதாக இருந்தது, விலை எதுவும் இல்லை. அழைத்தேன். ஜெகன் என்று பெயர் சொன்னார்.

“பற்றரி என்ன விலை தம்பி?”

“அது இருபத்தேழு, இருபத்தெட்டாயிரத்துக்குள்ள வரும் அண்ணை.”

“வந்து பாக்கிறதுக்கு எவ்வளவு?”

“அதென்ன அண்ணை, சும்மா வந்து பாப்பம்.”

எனக்கு மனம் குளிர்ந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடத்துக்குள் சிறிய வான் ஒன்று வந்து நின்றது. ஜெகனுக்கு முப்பது வயதிருக்கும், சுத்தமான சட்டை. வயர்களை வைத்து ஒரு மானியில் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“ஏலாது அண்ணை. இது முடிஞ்சுது.”

“வயர் குடுத்து ஸ்டார்ட் பண்ண ஏலாதோ?”

“ஏலும். பிறகு பெண் வீட்டு வாசல்ல திரும்ப நிண்டா என்னைப் பேசக் கூடாது.”

கலியாணத்துக்குப் போகிறோம் என்று நான் சொல்லவில்லை. வசந்தியின் பட்டுச்சேலையும் பின் இருக்கையில் இருந்த பலகாரப் பெட்டிகளும் சொல்லியிருக்கும். சரி, மாற்றுங்கள் என்றேன். வேலை கெட்டித்தனமான வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். கார் ஒரே திருகலில் பிடித்தது. பிறகு பில் புத்தகத்தை எடுத்து எழுதிக் கிழித்து நீட்டினார்.

பற்றரி 27,500. வந்ததற்கு 2,500. காரில் பூட்டியதற்கு 1,500. பரிசோதித்ததற்கு 1,000. மொத்தம் 32,500.

நான் அதை இரண்டு முறை வாசித்தேன்.

“தம்பி, சும்மா எண்டெல்லோ சொன்னீங்கள்?”

“ஓம் அண்ணை. சும்மா வந்து பாப்பம் எண்டுதான் சொன்னனான்.”

“பிறகென்ன இந்த இரண்டாயிரத்தஞ்ஞூறு?”

“காசில்லாமல் வருவன் எண்டு சொன்னனானோ? ஒருக்கால் வந்து பாப்பம் எண்டு சொன்னதுதானே அண்ணை.”

நாங்களே ‘சும்மா வாங்கோ’ என்று ஆட்களைக் கூப்பிடுகிறோம், ‘சும்மா தந்தான்’ என்று இலவசத்தையும் சொல்கிறோம். அவர் முதலாவதைச் சொன்னார், நான் இரண்டாவதைக் கேட்டேன். எனக்கு எது கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் என்னால் அறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த நேரம் வசந்தியின் போன் அடித்தது. துளசி. ஒலிபெருக்கியில் போட்டாள்.

“பெரியம்மா, எங்க நிக்கிறீங்கள்? மாப்பிள்ளை வந்திட்டார், பதிவாளரும் வந்திட்டார். பெரியப்பா மட்டும்தான் இல்லை.”

மணி பத்து இருபது. வசந்தி என் பக்கம் திரும்பினாள். “இஞ்சருங்கோ, குடுத்திட்டு வாங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள்.”

சலீம் நானா கதிரையை விட்டு எழுந்து வந்தார். பில்லை வாங்கி, கையை நீட்டித் தூரப் பிடித்து வாசித்தார்.

“ஜெகன், போன் வரக்குள்ள நீ எங்க நிண்ட?”

“கடை உப்புவெளியில நானா.”

“கடையைக் கேக்கல்ல. உன்னைக் கேக்கன்.”

ஜெகன் சிரித்தார். “லோஞ்சடியில தேத்தண்ணி குடிச்சன்.”

“இந்தா, கல் எறிஞ்சா விழுற தூரம். அதுக்கு ரெண்டாயிரத்தஞ்ஞூறா? அப்ப அந்தத் தேத்தண்ணியையும் பில்லில எழுதிரு.”

“நானா, அவசரத்துக்கு வாறதெண்டா இதுதான் கணக்கு. நான் வராட்டி அண்ணை எப்பிடிப் போறது?”

அது உண்மை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை. பழைய பற்றரி நினைவுக்கு வந்தது. பழையதைக் கொடுத்தால் புதியதின் விலையில் கழிப்பது வழக்கம். அது ஏற்கெனவே அவருடைய வானுக்குள் ஏறியிருந்தது. பில்லில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“சரி தம்பி, எழுதினதெல்லாம் தாறன். பழைய பற்றரியை இறக்கி என்ர காரில வையுங்கோ. நான் வவுனியாவுக்குக் கொண்டு போறன்.”

“அது உங்களுக்கு என்னத்துக்கு அண்ணை? குப்பை.”

“குப்பையெண்டா உங்களுக்கு என்னத்துக்கு?”

சலீம் நானா பெரிதாகச் சிரித்தார். ஜெகன் வானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “மூவாயிரம் கழிப்பம்” என்றார். அந்தக் கழிவையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதினார். 29,500 கொடுத்தேன். ‘வந்ததற்கு’ என்ற வரி அப்படியே இருந்தது. இன்னும் பத்து நிமிடம் இருந்திருந்தால் அதையும் பேசியிருப்பேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் துளசிக்கு உரியது.

போகும்போது ஜெகன் கதவருகே வந்து, “கோவிக்காதேங்கோ அண்ணை. மகளுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லுங்கோ” என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதற்குக் காசு எடுக்கவில்லை.

உப்புவெளியில் கோவில் வாசல் நெரிசலில் சற்று நின்றோம். சாம்பல்தீவுக்குப் பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கச் சேர்ந்தோம். துளசி வாசல் படலைக்கே வந்து நின்றாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

மேசையில் பதிவாளர் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் பேனையைத் தந்தார்.

“சாட்சிதானே, இதில சும்மா ஒரு கையெழுத்து வையுங்கோ.”

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பக்கம் முழுவதையும் முதல் வரியில் இருந்து வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தி முழங்கையால் இடித்தாள். வாசித்து முடித்த பிறகே வைத்தேன். துளசி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புறப்பட்டோம். தம்பலகாமம் பக்கம் போய் வயல்களைப் பார்க்கும் எண்ணம் இருந்தது. கைவிட்டோம். திருகோணமலைத் துறைமுகத்தின் நீல நிறம் அழகானது. கார் நின்றுபோன வாசலில் இருந்து பார்த்தாலும் அது குறைவதில்லை.

திங்கட்கிழமை வவுனியாவில் எங்கள் வழக்கமான கராஜுக்குப் போய் யோகனிடம் பில்லைக் காட்டினேன். பதினைந்து வருடமாக எங்கள் காரைப் பார்ப்பவர். அதே பற்றரி, பூட்டுவதெல்லாம் சேர்த்து, பழையதைக் கொடுத்தால் இருபத்தாறாயிரத்தைந்நூறு என்றார். “உங்களை வடிவா ஏமாத்திப் போட்டாங்கள் அண்ணை. இஞ்சயெண்டா இப்பிடி நடக்குமோ?”

நடக்காது என்றுதான் நானும் சொன்னேன்.

“சார்ஜ் ஒழுங்கா ஏறுதோ எண்டு ஒருக்கால் பாக்க வேணும். சும்மா விட்டிட்டுப் போங்கோ.”

திறப்பை நீட்டிய கை நடுவழியில் நின்றது.

“எந்தச் சும்மா?”

யோகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “திருகோணமலைக்குப் போய் நல்லாக் கெட்டுப்போய் வந்திருக்கிறியள்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திறப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மாலையில் காரை எடுக்கப் போனேன். சார்ஜ் நன்றாக ஏறுகிறது, பயமில்லை என்றார் யோகன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, “ஐஞ்ஞூறு தாங்கோ அண்ணை” என்றார்.

கொடுத்தேன்.