பார்க்கலாமுங்க, மாத்த முடியாதுங்க

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடைக்கு, கல்யாண வீட்டு வாசலில் பந்தல் போடும் முன்பே அந்த வீட்டுச் சண்டை வந்து சேர்ந்துவிடும். கிணத்துக்கடவில் அப்படி ஒரு கடையில் ஒன்பது வருடம் தரையில் உட்கார்ந்து பத்திரிகை மடித்தேன், கவரில் போட்டேன், பசை தடவினேன். முழங்கால் இரண்டும் போயின. கம்ப்யூட்டரில் இருந்த பெண் கல்யாணமாகித் திருப்பூர் போனதும், முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். "ஒரு பத்திரிகை தப்பா போச்சுன்னா மறுபடி கீழதான் அம்மணி" என்றும் சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பயந்து பயந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னை மாதிரி ஆட்கள் யாராவது இதைப் படித்தால், துணைக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பல் விழுந்த எழுத்து

கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறவர் பிரபு. பத்திரிகையில் வரும் பேர்களைக் கல்யாண வீட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே சரிபார்க்க ஒரு பக்கம் செய்து கொடுத்தார். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கு நேராகவும் -rw-rw-r-- என்று இருந்தது. எனக்கு அங்கங்கே பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது.

பிரபு பொறுமையாகத்தான் சொன்னார். முதல் கோடு என்றால் ஃபைல், அங்கே d இருந்தால் ஃபோல்டர். r என்றால் பார்க்கலாம், w என்றால் மாற்றலாம், கோடு என்றால் உரிமை இல்லை. முதல் மூன்று இடம் முதலாளிக்கு, அடுத்த மூன்று கடை ஆட்களுக்கு, கடைசி மூன்று வெளியாட்களுக்கு. காலண்டர் தாளின் முதுகில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். இதையே தமிழில் காட்டக் கூடாதா என்று கேட்டேன். "ஒலகம் பூரா இப்படித்தானுங்க்கா பாக்கறாங்க, நீங்க மட்டும் எதுக்கு அழுவறீங்க?" என்றார்.

கண்ணுக்குத் தெரிகிறதே

மேட்டுப்பாளையத்துப் பாக்கு வியாபாரி ஒருவர், மூத்த மகனின் பத்திரிகையை ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார். இளையவனுக்கும் அதே பத்திரிகைதான், பேரை மட்டும் மாற்ற வேண்டும், ஐந்து நிமிட வேலை என்றார். இது போட்டோ ஃபைலுங்க, இதிலிருப்பது எழுத்தின் படம், முழுவதையும் புதிதாக அடிக்க வேண்டும் என்றேன். மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அவருக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. மூக்கில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என்னிடம் ஃபோனில் சொன்னார்: "எழுத்து எனக்கு நல்லாத் தெரியுதுங்களே அம்மணி, உங்களுக்குத் தெரியலீன்னா ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்க."

தாய்மாமன் சத்தம்

மரகதம் என்ற அம்மாவின் மகளுக்குக் கல்யாணம். பேர்களைச் சரிபார்க்கும் பக்கத்தை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். மரகதத்தின் தம்பி சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அவர் எதையோ மாற்றப் பார்த்திருக்கிறார். ஃபோன் இங்கிலீஷில் ஏதோ சொல்லியிருக்கிறது. அவர் மகள் படித்துவிட்டு, "பார்க்க மட்டும்தான், உங்களுக்கு அனுமதி இல்லை" என்று தமிழில் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் மரகதம் கடைக்கே வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றார். தம்பி சீர் கொண்டு வர மாட்டேன் என்கிறாராம். தாய்மாமன் வராமல் எந்த முகூர்த்தம் நடக்கும்? அவருக்கே ஃபோன் போட்டேன். எல்லோருக்கும் அப்படித்தானுங்க வரும் என்றேன். அவர் காதில் விழவில்லை. "தோள்ல தூக்கி வளத்த புள்ளைங்க அது. அவ கல்யாணத்துல எனக்குப் பாக்க மட்டுந்தான் அனுமதிங்களா?"

கடைசி மூன்று இடம்

பிரபு ஃபோனை எடுக்கவில்லை. எதிரில் ஒரு தாய் அழுகிறாள். சுவரில் என் காலண்டர் தாள் இருக்கிறது. கடைசி மூன்று இடத்தில் ஒரு w போட்டுவிட்டேன். தாய்மாமன் ஒருத்தருக்குப் போட்டதாகத்தான் நினைப்பு. அது வெளியாட்கள் அத்தனை பேருக்கும் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா நான்கு பேரைத் தாண்டி மேலே ஏறியிருந்தார். ஒரு சித்தப்பா பேருக்குப் பின்னால் புதிதாக ஒரு பட்டம். யாரோ முகூர்த்தத்தையே அரை மணி நேரம் தள்ளிவைத்திருந்தார்கள். மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை. முதலாளி என் நாற்காலியின் முதுகில் கை வைத்து நின்றார். தரையில் உட்காராமலே எனக்கு முழங்கால் வலித்தது.

பிரபு ஓடி வந்து, யார் எதை மாற்றினார்கள் என்ற பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினார். கடைசியில் தாய்மாமன். தன் பேரை எந்த உச்சியில் வைத்திருக்கிறாரோ என்று பயந்தபடி பார்த்தேன். தன் பேரை அவர் தொடவே இல்லை. 'திருமதி பழனிச்சாமி' என்று இருந்ததை 'திருமதி மரகதம் பழனிச்சாமி' என்று ஆக்கியிருந்தார், அவ்வளவுதான். பெண்ணின் அப்பா பழனிச்சாமியிடம் கேட்டோம். அந்த வரியை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு அப்படியே இருக்கட்டும் என்றார். அந்தத் தகவலைத் தாய்மாமனுக்குச் சொன்னபோது அவர் குரல் தணிந்துவிட்டது. "எங்கக்காவுக்குன்னு ஒரு பேர் இருக்குதுங்களே, அதை எழுதத்தானுங்க அத்தனை சத்தம் போட்டேன்."

தமிழில் வந்தது

பத்திரிகை சரியாக அச்சானது. அந்தப் பக்கத்தைப் படிக்கிற மாதிரி மாற்று என்று முதலாளி பிரபுவிடம் சொன்னார். பிரபு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க்கா" என்றார். கோட்டையும் எழுத்தையும் எடுத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல அடித்தார். 'இது போட்டோங்க, இதுல பேர் மாத்த முடியாதுங்க.' 'இது பேர் இருக்கற ஃபைலுங்க. பார்க்கலாமுங்க, மாத்த முடியாதுங்க. மாத்தணும்னா கடைக்குச் சொல்லுங்க.'

பத்திரிகைக் கட்டை வாங்கத் தாய்மாமனே வந்தார். திரையைக் காட்டினேன். வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். "இப்படி மரியாதையாச் சொன்னா, முடியாதுன்னாக்கூடக் கேட்டுக்கலாமுங்களே."

முதலாளி நாற்காலியை எனக்கே விட்டுவிட்டு எனக்கிருந்த w-வை மட்டும் எடுத்துக்கொண்டதால், தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் என் பேருக்கு நேராக, நானே சொல்லிக்கொடுத்த மரியாதையோடு, 'பார்க்கலாமுங்க, மாத்த முடியாதுங்க' என்று வருகிறது.